கல்யாண மண்டபத்தில் ஒரு கேஷுவாலிட்டி

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் உங்கள் நர்சிங் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் உள்ளே நுழையும்போது ஒருவர் தன் மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு "கேஷுவாலிட்டி எங்கம்மா?" என்று உங்களில் ஒரு பெண்ணிடம் கேட்டார். அவள் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் "போர்டு போட்டிருக்கு பாருங்க" என்றாள். அவள் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இங்கே எழுதியிருப்பேன்.

அன்றைக்கு மேடையில் நான் பேச வேண்டியதைச் சரியாகப் பேசவில்லை. கோபத்தில் பாதி மறந்துவிட்டது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் முடிச்சூர் பக்கம் ஒரு சின்ன டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி இன்சார்ஜ் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். பொழிச்சலூரிலிருந்து பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மாறி மாறிப் போய் வேலை பார்த்தேன். ஊசி போடுவதும் மானிட்டர் மாட்டுவதும் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். ஓர் ஊரில் ஆஸ்பத்திரியை மூடும்போது கேஷுவாலிட்டிக்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர யாரும் இல்லை. இனிமேல் நீங்கள் நிறைய மூடல்களைப் பார்ப்பீர்கள். அதனால் கேளுங்கள்.

எங்கள் டிரஸ்டி குடும்பம் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நெல் விளைந்த நிலமெல்லாம் பிளாட் ஆனபோது ஒரு பகுதியை விற்காமல் வைத்து ஆஸ்பத்திரி கட்டினார்கள். நன்றாகத்தான் நடந்தது. 2015 வெள்ளத்தில் தரைத்தளம் மூழ்கியது. அதற்குப் பிறகு எந்த மழைக்கும் எங்களுக்கு நிம்மதி இல்லை. மேகம் கறுத்தாலே கட்டில்களுக்கு அடியில் செங்கல் வைக்க ஓடுவோம். டாக்டர்கள் ஒவ்வொருவராக ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டார்கள். டிரஸ்டி சாருக்கும் வயதாகிவிட்டது. பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி நடத்துவதில் விருப்பமில்லை. கடைசியில் இடத்தை விற்று மூடுவதென்று முடிவானது.

மூடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வார்டை மூடுங்கள், ஆபரேஷன் தியேட்டரை மூடுங்கள். கண் ஆபரேஷனுக்கும் மூட்டு ஆபரேஷனுக்கும் ஜனங்கள் நாள் பார்த்து, லீவு போட்டு, குரோம்பேட்டைக்கோ அதற்கு அப்பாலோ போய்க்கொள்வார்கள். பாம்பு கடித்தவனும் நெஞ்சு அடைத்தவனும் எங்கே போவான்? முடிச்சூர் ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றால் தாம்பரம் போய்ச் சேருவதற்குள் பொழுது போய்விடும். இதை டிரஸ்டி சார் முகத்துக்கு நேராகச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அவர் நல்ல மனிதர். அவசரப் பிரிவை மட்டும் நிறுத்தாமல், அதே ரோட்டில் மேட்டுப் பாங்கான தன் வேறொரு மனையில் சின்னதாக ஒரு கட்டடம் கட்டி, அங்கே நடத்த ஒத்துக்கொண்டார்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் ஆனி மாதக் கடைசியில் பழைய இடத்தை வாங்கியவர்களிடம் அதன் சாவியைக் கொடுக்க வேண்டும். புதுக் கட்டடத்தில் வேலை இழுத்துக்கொண்டே போய் அதே சமயத்தில்தான் முடிந்தது. நான் சந்தோஷமாக டிரஸ்டி சாரிடம் போனேன்.

"சார், ஒயரிங் முடிஞ்சிருச்சு. ஆக்சிஜன் லைனும் முடிஞ்சிருச்சு. இங்க பூட்டின அன்னிக்கே அங்க ஆரம்பிச்சிடலாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, ஆடி பொறக்குது. ஆடியில எவனாவது ஆஸ்பத்திரி திறப்பானா? ஆவணி முதல் முகூர்த்தத்துல திறக்கிறோம்."

"அதுவரைக்கும் ஒருத்தருக்கு நெஞ்சு வலி வந்தா?"

"குரோம்பேட்டைக்குப் போகட்டும்."

"போற வழியில செத்துப்போனா?"

"நீ சர்ச்சுக்குப் போறவ. உனக்கு இது புரியாது."

எனக்குப் புரியாமல் என்ன? தவக்காலத்தில் என் கல்யாணத்தை வைத்திருந்தால் என் அம்மா விஷம் குடித்திருப்பாள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெளியே வந்து எங்கள் வார்டு ஆயாவிடம் புலம்பினேன். அவள் என்னிடமே சொன்னாள்: "ஆடியில பால் காச்சின ஆஸ்பத்திரிக்கு நான் என் புருஷனைக் கூட்டினு வர மாட்டேன் சிஸ்டர். செத்தாலும் வூட்லயே கெடக்கட்டும்."

அன்றைக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டேன். ஜனங்களின் நம்பிக்கையோடு மோதினால் நம்பிக்கைதான் ஜெயிக்கும், நோயாளி தோற்றுப்போவான். உங்கள் படிப்பை அவர்கள் தலையில் கொட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. அந்த நம்பிக்கை எதை வேண்டாம் என்கிறது, எதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் உங்களுக்கு இடம் இருக்கும். எனக்கு இருந்தது. அதுவும் பெரிய இடம், ஜெனரேட்டரோடு.

பழைய ஆஸ்பத்திரியைக் காலி செய்து, கட்டில்களையும் மெஷின்களையும் ஆவணி வரைக்கும் போட்டுவைக்க டிரஸ்டி குடும்பத்தின் கல்யாண மண்டபத்துக்கு லாரியில் அனுப்பினார்கள். நான் கூடவே போனேன், இல்லையென்றால் மானிட்டரை அரிசி மூட்டை மாதிரி இறக்குவார்கள். கீழ்த்தளம் சாப்பாட்டுக் கூடம், மேலே கல்யாணக் கூடம். சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் கட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்து மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார்.

"ஆடி வந்தா நமக்குப் பேஜாருதான் சிஸ்டர். ஒரு காதுகுத்து கூட இல்ல. ஈ ஓட்டினு கீறேன். இப்ப உங்க கட்டிலுக்கு வாட்ச்மேன் வேலை வேற."

ஒரு மாதம் முழுக்க மண்டபம் சும்மா கிடக்கும் என்று அந்த மனிதர் புலம்பப் புலம்ப நான் சுற்றிப் பார்த்தேன். தரைத்தளம், படி இல்லை. கார் உள்ளே வந்து திரும்புகிற வாசல். சுவர் ஓரம் வரிசையாகக் கை கழுவும் தொட்டி. எந்த கேஷுவாலிட்டியிலும் அத்தனை குழாய்களை நான் பார்த்ததில்லை. கரண்ட் போனால் கண் சிமிட்டுவதற்குள் ஓடும் ஜெனரேட்டர். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த வட்டாரத்தில் அந்த மண்டபத்துக்கு வழி தெரியாத மனிதன் ஒருத்தன் கிடையாது. எல்லோரும் அங்கே ஒரு தடவையாவது மொய் எழுதியவர்கள்தான்.

ஆடியில் புதுசாக எதையும் திறக்கக் கூடாது. சரி. நாங்கள் எதையும் திறக்கவில்லையே! பழைய கேஷுவாலிட்டி, போகும் வழியில் மண்டபத்தில் தங்கியிருக்கிறது. அவ்வளவுதான்.

டிரஸ்டி சாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "மண்டபம் என் பேர்ல இல்லம்மா. வீட்டம்மா பேர்ல கீது. அவகிட்ட நீயே பேசு" என்று தப்பித்துக்கொண்டார்.

அவர் மனைவி மண்டபத்துக்கே வந்து உட்கார்ந்தார். மேனேஜரும் பக்கத்தில் நின்றார்.

"வேணாம்மா," என்றார் மேனேஜர். "ஒரு சாவு இங்க வுயுந்துச்சுன்னு வெச்சிக்கோங்க, ஆவணியில எவன் வந்து தாலி கட்டுவான்? கட்டில் போட்ட எடத்துல எலை போட்டா எவன் சோறு துன்னுவான்?"

அந்த அம்மா மேலே கல்யாணக் கூடத்துப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரைப் பார்த்துக் கேட்டார்: "வெள்ளத்தப்போ மேல ஹால்ல ஒரு பொண்ணுக்குக் கொழந்த பொறந்துச்சே, அடுத்த முகூர்த்தத்துக்கு ஆள் வரலியா?"

"அது பொறப்பும்மா."

"அதான்." என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், இங்க பொறக்கலாம். போகக் கூடாது. அத மட்டும் சொல்லு, சாவியத் தர்றேன்."

உங்களில் பலர் இந்த இடத்தில் "கண்டிப்பா மேடம்" என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கியிருப்பீர்கள். நான் சொல்லவில்லை. "அப்படி என்னால வாக்குக் கொடுக்க முடியாதும்மா. கேஷுவாலிட்டின்னா சாவும் வரும். வராம தடுக்கத்தான் நாங்க இருக்கோம். தடுக்க முடியாமலும் போகும்" என்றேன். மேனேஜர் தலையில் கை வைத்தார். அந்த அம்மா என்னை முறைத்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். "பொய் சொல்லாம இருக்கியே, அதுக்காகத் தர்றேன். ஆனா நான் சொன்னது சொன்னதுதான். பாத்துக்கோ."

வாக்கு நான் கொடுக்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னது எங்கள் எல்லோர் தலை மேலும் தொங்கிக்கொண்டே இருந்தது. அதன் விலை பிறகு தெரிந்தது.

அனுமதி வாங்க டிரஸ்டி சார் அலைந்ததையெல்லாம் விட்டுவிடுகிறேன். அடுத்தது போர்டு விவகாரம். பழைய ஆஸ்பத்திரி வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் பேனர் கட்டினார்கள். டிரஸ்டி சார் கும்பிடுகிறார், அவர் அப்பா மேகத்துக்கு நடுவில் தெரிகிறார், பிள்ளைகள் இரண்டு பேரும் கூலிங்கிளாஸ் போட்டிருக்கிறார்கள். எல்லோர் காலுக்கும் கீழே, பொடி எழுத்தில், அவசரப் பிரிவு கல்யாண மண்டபத்துக்கு மாற்றப்பட்டுள்ளது என்று இருந்தது. முதல் நாளே ஒருவர் மூச்சுத் திணறும் தன் அம்மாவோடு அந்தப் பேனருக்கு நேர் கீழே நின்று கேட்டை உடைக்கப் பார்த்தார். அந்தப் பக்கம் போன யாரோ வழி காட்டியதால் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மா பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

பேனரில் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருந்தால் படித்திருப்பார் என்று நினைக்காதீர்கள். மடியில் ஆளைப் போட்டுக்கொண்டு வருகிறவனுக்குக் கண் தெரியாது. கை கால் மட்டும்தான் வேலை செய்யும், அதுவும் பழகின வழியில். அதனால் இடத்தை வாங்கியவர்களிடம் கேட்டு, பழைய வாட்ச்மேனை அதே கேட்டில் நிற்க வைத்தோம். பூட்டிய கட்டடத்துக்கு எதற்கு வாட்ச்மேன் என்று டிரஸ்டி சாரின் மகன் கேட்டார். "கட்டடத்துக்கு இல்ல சார், வர்றவங்களுக்கு" என்றேன். நானும் ஆம்புலன்ஸ் டிரைவரும் ஒவ்வொரு ஆட்டோ ஸ்டாண்டாகப் போய் நேரில் சொன்னோம்.

"இன்னா சிஸ்டர், மண்டபத்துக்கு சீரியஸ் கேஸ எடுத்துனு வர்றதா? மொய் வைக்கணுமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

"நீ வாய வெச்சுக்கிட்டு வந்தா போதும், நான் தைச்சு அனுப்புறேன்" என்றேன். ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

மண்டபத்தில் எங்கள் பிழைப்பு எனக்குப் பிடித்தே இருந்தது. வாசலில் கை கூப்பி நிற்கும் இரண்டு சிமெண்ட் பொம்மைப் பெண்களுக்கு நடுவில் ஸ்ட்ரெச்சர் போகும். டூட்டி டாக்டருக்கு மணமகள் அறை. கண்ணாடியைச் சுற்றி முழுக்கச் சீரியல் பல்பு. மாப்பிள்ளை பெண் உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபாவை மேலேயிருந்து இறக்கி வெளியே போட்டோம். காத்திருப்பவர்கள் அதில்தான் உட்காருவார்கள். பைக்கிலிருந்து விழுந்த ஒரு பையனும் அவனை இடித்தவனும் அதில் ஒன்றாக உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் போகிற போக்கில் "ஜோடிப் பொருத்தம் சூப்பரு" என்றார். அவருக்கும் ஈ ஓட்டுவதை விட இது தேவலை என்று ஆகிவிட்டிருந்தது. ஆனாலும் கொஞ்சம் சீரியஸாக யார் வந்தாலும் ஆம்புலன்ஸ் பக்கத்தில் போய் நின்றுகொள்வார், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. எங்களுக்கு அவர் எதைச் சொல்கிறார் என்று தெரியும்.

இனி மல்லிகா விஷயம். இதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் பக்கத்து அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிற நாள். ரோடு முழுக்கப் பந்தல், ஸ்பீக்கர், வேப்பிலை, ஜனம். டிரஸ்டி வீட்டம்மாவும் மண்டபத்து வாசலில் அண்டா வைத்துக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓர் ஆட்டோ வந்தது.

"சிஸ்டர்! பழைய கேட்டாண்ட பூட்டேன், பழக்க தோஷம். வாட்ச்மேன் தொரத்திவுட்டான்" என்று கத்திக்கொண்டே டிரைவர் இறங்கினார். பின்னால் ஒரு பெண்ணும் அவள் கணவனும். பெண்ணின் பெயர் மல்லிகா. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. காலையிலிருந்து தாடையில் வலி, வயிற்றைப் புரட்டுகிறது, வாய்வு என்று நினைத்துச் சோடா வாங்கிக் குடித்திருக்கிறாள். நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. புடவை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. பெண்கள் பலருக்கு மாரடைப்பு இப்படித்தான் வரும். "வயித்துல கேஸ்" என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்ணை உட்கார வைத்து ஜெலுசில் கொடுப்பவர்கள் இந்த வேலையை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

ஈ.சி.ஜி. எடுத்தோம். டாக்டர் அதைப் பார்த்த மாதிரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய அடைப்பு. மாத்திரைகள் கொடுத்தோம், மானிட்டர் மாட்டினோம். அப்போதுதான் மல்லிகா கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள். சாப்பாட்டுக் கூடத்தின் கூரையில் காகிதத் தோரணம் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது மண்டபமா?" என்றாள்.

"ஆமாம்மா. கேஷுவாலிட்டி இப்ப இங்கதான்."

அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். "ஐயோ, வேணாம் சிஸ்டர். இங்க வேணாம். ஆவணியில என் பொண்ணுக்கு இங்கதான் கல்யாணம். அட்வான்ஸ் குடுத்து பத்திரிகையும் அடிச்சாச்சு. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இங்க ஆக வேணாம். என்ன ரோட்ல போட்ருங்க சிஸ்டர், இங்க வேணாம்."

கையில் மாட்டிய ஊசியைப் பிடுங்க வந்தாள். கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேனேஜர் வழக்கம் போல ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தார்.

"வண்டி ரெடி சிஸ்டர். அந்தம்மாவே சொல்லுது இல்ல, ஏத்திடுங்க. குரோம்பேட்டைல பெரிய ஆஸ்பத்திரி கீது, மெசினு எல்லாம் கீது. நம்மகிட்ட இன்னா கீது?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் சிக்கல். அடைப்பை எடுக்கும் வசதி அங்கேதான். எப்படியும் அவளை அங்கே அனுப்பித்தான் ஆக வேண்டும். எப்போது என்பதுதான் கேள்வி. மானிட்டரில் அவள் இதயத்துடிப்பு நடுநடுவே தடம் புரண்டு, தாறுமாறாக ஓடி, மறுபடி நேராகிக்கொண்டிருந்தது. வெளியே கூழ் ஊற்றுகிற கூட்டம். வண்டி நடுரோட்டில் மாட்டும்போது துடிப்பு நின்றுபோனால் ஆடுகிற வண்டிக்குள் ஒருத்தர் என்ன செய்ய முடியும்?

டாக்டர் என் மகன் வயதுப் பையன். கெட்டிக்காரன், நல்ல கை. அவன் மானிட்டரைப் பார்த்தான். மேனேஜரைப் பார்த்தான். வாசலில் கரண்டியோடு நின்ற டிரஸ்டி வீட்டம்மாவைப் பார்த்தான். பிறகு என்னிடம் மெதுவாக, "ஷிஃப்ட் பண்ணிடலாமா சிஸ்டர்? ரிஸ்க் எதுக்கு?" என்றான்.

யாருடைய ரிஸ்க்? அதைக் கவனியுங்கள். ‘போகக் கூடாது’ என்று ஒருவர் சொன்ன சொல் எப்படி வேலை செய்கிறது பாருங்கள். போகாமல் காப்பாற்று என்றுதான் அவர் சொன்னார். கொஞ்ச நாளில் அது எங்கள் மூளைக்குள் போய், இங்கே போகாமல் பார்த்துக்கொள், வெளியே போனால் பரவாயில்லை என்று மாறிவிட்டிருந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கு வேறு வேறு பெயர் வைத்திருப்பார்கள். எல்லாம் ஒன்றுதான். நம் கணக்கில் வராமல் எங்கேயாவது சாகட்டும்.

நான் அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "டாக்டர், இது மண்டபமா இல்லாம, நம்ம பழைய கேஷுவாலிட்டியா இருந்தா இப்ப என்ன பண்ணுவீங்க?"

அவன் யோசிக்கவே இல்லை. "வச்சு ஸ்டெடி பண்ணிட்டுதான் அனுப்புவேன்."

"அப்ப வச்சுப் பாருங்க."

அவன் முகம் மாறியது. வேலை செய்கிற முகம் வந்தது. ஊசிகளைக் கேட்டான், நான் எடுத்துக் கொடுத்தேன். மல்லிகா மட்டும் அடங்கவில்லை. கட்டிலிலிருந்து காலை இறக்கினாள். "கொண்டு போயிடுங்க" என்று அழுதாள்.

அப்போது டிரஸ்டி வீட்டம்மா உள்ளே வந்தார். செத்தோம் என்று நினைத்தேன். அவர் கரண்டியை மேனேஜர் கையில் கொடுத்தார். மல்லிகாவின் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தார்.

"ஏய், எங்க கெளம்பிட்ட? பந்திக்கு ரெண்டு ஸ்வீட்டா மூணு ஸ்வீட்டான்னு கேட்டு எத்தன நாளாச்சு? இன்னும் நீ பதில் சொல்லல. படு பேசாம."

மல்லிகா அழுதுகொண்டே அவரைப் பார்த்தாள். "அம்மா, உங்க மண்டபத்துல..."

"என் மண்டபத்த நான் பாத்துக்கிறேன். நீ உன் வேலையப் பாரு."

மல்லிகா படுத்தாள். தலையணையில் தலை பட்டதும் மானிட்டர் கத்தியது. கண் மேலே செருகியது. துடிப்பு இல்லை.

அடுத்து நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. நீங்கள் பொம்மையை வைத்துப் பழகியதுதான். நான் நெஞ்சை அமுக்கினேன், டாக்டர் ஷாக் கொடுத்தான். திரும்ப அமுக்கினேன், திரும்பக் கொடுத்தான். ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ போய் நிறுத்தினார்கள். கூடம் முழுக்க என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு மானிட்டரில் ஒரு துடிப்பு. இன்னொன்று. பிறகு வரிசையாக. டாக்டர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துத் தலையாட்டினான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற கணவர் வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் துடிப்பு சீராகி, மல்லிகா கண் திறந்து முனகினாள். டாக்டர் "இப்ப போகலாம்" என்றான். இப்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது இல்லை. ஆம்புலன்ஸில் அவனே ஏறிக்கொண்டான். ரோட்டில் டிரஸ்டி வீட்டம்மா முன்னால் நடந்தார். கோவில் பையன்கள் பந்தல் கயிற்றை அவிழ்த்தார்கள். ஆட்டோக்காரர் தன் வண்டியை ஆம்புலன்ஸுக்கு முன்னால் விட்டு, "வயி வுடு! வயி வுடு!" என்று கத்திக்கொண்டே தாம்பரம் வரைக்கும் போனார். குரோம்பேட்டையில் அடைப்பை எடுத்தார்கள். ஸ்டென்ட் வைத்தார்கள். மல்லிகா பிழைத்தாள்.

வண்டி போன பிறகு மேனேஜர் கரண்டியோடு அதே இடத்தில் நின்றிருந்தார். கட்டிலைக் காட்டி, "அந்தம்மா இப்ப இங்க செத்துச்சா இல்லியா சிஸ்டர்?" என்று கேட்டார்.

"செத்து, பொழச்சிருச்சு."

அவர் கரண்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அப்ப பொறப்புன்னே வெச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கூழ் ஊற்றப் போனார்.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்தன்று புதுக் கட்டடத்தில் பால் காய்ச்சினார்கள். எங்கள் கட்டில்கள் அங்கே போயின. டிரஸ்டி சார் மாலை போட்டுக்கொண்டு நின்றார். எங்கள் ஆயா தன் புருஷனைச் சர்க்கரை டெஸ்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கட்டடம் இன்றைக்கும் ஓடுகிறது. நான் ஓய்வு பெற்றது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து.

மல்லிகா மகளின் கல்யாணத்துக்கு முன்னால் அவள் சொந்தக்காரர்கள் மண்டபத்தை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். "நான் போயிருந்தா மாத்தியிருக்கலாம். நான்தான் இருக்கேனே, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டிருக்கிறாள். மண்டபம் மாறவில்லை. எனக்கும் டாக்டருக்கும் நேரில் வந்து பத்திரிகை வைத்தார்கள். அவனுக்கு டூட்டி. நான் போனேன்.

மல்லிகா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களை வரவேற்க எழுந்தாள். நான் அவள் தோளை அமுக்கி உட்கார வைத்தேன். "எழுந்தீங்கன்னா திரும்ப நெஞ்சுல ஏறி அமுக்குவேன்" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் பயந்துவிட்டார்கள். அவள் சிரித்தாள்.

பந்திக்குக் கீழே இறங்கினேன். மேனேஜர் பட்டுச் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், குழாய் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். மல்லிகாவின் கட்டில் இருந்த இடம். வேண்டுமென்றேதான் செய்தார். இலை போட்டார்கள். மூன்று ஸ்வீட்.

பாதிச் சாப்பாட்டில் வாசலில் ஓர் ஆட்டோ ஹாரன். விடாமல் அடிக்கிற ஹாரன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எழுந்து எட்டிப் பார்த்தேன். பின் சீட்டில் ஒரு பெரியவர் சாய்ந்து கிடந்தார், டிரைவர் "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று மண்டபத்துக்குள் பார்த்துக் கத்தினார். ஆடி முடிந்து, கேஷுவாலிட்டி இடம் மாறியது அவருக்கு ஞாபகம் இல்லை. வாழை மரம் கட்டியிருப்பதும் நாதஸ்வரம் வாசிப்பதும் அவர் கண்ணில் படவில்லை. சொன்னேன் இல்லையா, கண் தெரியாது.

நான் கை கழுவக் குழாய்ப் பக்கம் திரும்புவதற்குள் மேனேஜர் சாம்பார் வாளியைத் தரையில் வைத்துவிட்டு ஓடினார். போர்டைப் பார் என்று சொல்லவில்லை. வழி சொல்லிக்கொண்டு நிற்கவும் இல்லை. பட்டுச் சட்டையோடு டிரைவர் பக்கத்தில் தொத்திக்கொண்டார். "உடு உடு, நேரா உடு, நான் காட்றேன்" என்ற குரல் ரோட்டோடு போய்த் தேய்ந்தது.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். பக்கத்து இலைக்காரர் "யாருக்கு என்னம்மா?" என்று கேட்டார். "பாத்துக்குவாங்க" என்றேன். பாயசம் வந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.